செல்போனுக்குள் அடங்காத தூண்டில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய வீடியோ கேம்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். மரியோவும் காண்ட்ராவும் ஓடிய கோடை விடுமுறைகளை எழுதியவர் அனுபவித்து எழுதியிருக்கிறார். இரண்டு இடத்தில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒன்று, மீன்பிடி கேம்கள் எல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடித்தவர்களுக்கானவை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. இன்னொன்று, அந்தக் காலத்து கேம் எதுவானாலும் இன்றைக்கு எமுலேட்டர் (பழைய பெட்டி மாதிரியே நடிக்கிற செயலி) போட்டு செல்போனிலேயே ஆடிவிடலாம், பழைய பெட்டிகளைப் பரணில் வைத்து இடத்தை அடைக்க வேண்டியதில்லை என்று முடித்தது. இரண்டுக்கும் ஒரே கேமைக் காட்டிப் பதில் சொல்ல முடியும் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வெட்டிப் போட்டாலும் சரி, கண்ட்ரோலரைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவைக்கவும்.

நான் திருச்சியில் டிவியும் வீடியோ கேமும் ரிப்பேர் செய்பவன். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய் வருபவர்கள் நிறைந்த ஊர் இது. நம்மூர்க் கடைகளில் பார்க்கக் கிடைக்காத பெட்டிகள்கூட பெட்டி படுக்கையோடு வந்து, சில வருடம் ஓடி, பழுதாகி, கடைசியில் என் மேஜைக்கு வரும். ஜப்பானின் செகா நிறுவனம் செய்த ட்ரீம்காஸ்ட் என்ற வீடியோ கேம் பெட்டி எனக்கு அப்படித்தான் அறிமுகம். ஒரு வாடிக்கையாளர் சரிசெய்யக் கொடுத்தார். பையன் காலேஜ் போய்விட்டான், இனி யார் ஆடப்போகிறார்கள் என்று சொல்லி, சரிசெய்தபின் என்னிடமே விட்டுவிட்டார். கூட ஒரு பை. அதற்குள், கம்பு ஒடிந்துபோன தூண்டிலின் கைப்பிடி மாதிரி ஒன்று இருந்தது. பக்கத்தில் சுற்றுகிற பிடி, மேலே பட்டன்கள், பின்னால் ஒயர். அதுதான் மீன்பிடி கண்ட்ரோலர். டிஸ்க், ‘செகா பாஸ் ஃபிஷிங்’. பாஸ் என்பது ஒரு அமெரிக்க மீன்.

முதலில், சும்மா உட்கார்ந்திருப்பது என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம்.

தக்கையைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்காரும் மீன்பிடியை மனதில் வைத்துக்கொண்டு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார் என்று தோன்றுகிறது. கேம் செய்தவர்கள் ஆரம்பத்திலிருந்தே அந்த உட்காருதலைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். 1980-ல் அட்டாரி 2600 என்ற பெட்டிக்கு ஆக்டிவிஷன் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபிஷிங் டெர்பி’யைப் பாருங்கள். டேவிட் கிரேன் செய்தது. இரண்டு பேர் எதிரெதிர்க் கரையில் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் தண்ணீர், தண்ணீரில் வரிசை வரிசையாக மீன். மேல் வரிசை மீனுக்கு 2 பவுண்டு, நடுவில் 4, அடியில் 6. முதலில் 99 பவுண்டு சேர்த்தவர் ஜெயித்தார். ஆழத்து மீனுக்கு ஆசைப்பட்டால் மேலே இழுத்து வருகிற தூரம் அதிகம், வழியில் ஒரு சுறா குறுக்கும் நெடுக்கும் திரிந்துகொண்டிருக்கும், பார்த்தால் பிடுங்கிக்கொள்ளும். இருவருக்கும் ஒரே நேரத்தில் மீன் மாட்டினால், முதலில் மாட்டியவர்தான் வேகமாகச் சுற்ற முடியும், மற்றவர் காத்திருக்க வேண்டும். சில கிலோபைட்டுக்குள் அடக்கிய கேம். பக்கத்தில் உட்கார்ந்து ஆடும் ஆளோடு சண்டை வராமல் முடிந்தால் ஆச்சரியம்.

1998-ல் நிண்டெண்டோ 64-க்கு வந்த செல்டா கேமிலும் ஒரு குளம் உண்டு. உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட வீரன் வந்த வேலையை விட்டுவிட்டு 20 ரூபி (அந்த கேமுக்குள் ஓடும் காசு) கொடுத்துத் தூண்டில் வாங்கி மீன் பிடித்துக்கொண்டிருக்கலாம். குளத்துக்காரரின் தொப்பியில் முள்ளை மாட்டி இழுத்தால் தொப்பி கழன்று வரும். இவ்வளவு பெரிய கதையில் இந்தக் குறும்புக்கும் யாரோ உட்கார்ந்து நேரம் செலவழித்திருக்கிறார்கள்.

சரி, நம்ம விஷயத்துக்கு வருவோம். ‘செகா பாஸ் ஃபிஷிங்’ ஜப்பானில் 1997-ல் ஆர்கேடு எந்திரமாக வந்தது, அங்கே பெயர் ‘கெட் பாஸ்’. காசு போட்டு ஆடும் எந்திரம், முன்னால் தூண்டில் கைப்பிடி. உள்ளே இருந்தது செகாவின் மாடல் 3 போர்டு. அதன் கிராபிக்ஸ் பகுதி லாக்ஹீட் மார்ட்டின் வழி வந்த தொழில்நுட்பம். போர் விமானம் செய்கிற நிறுவனத்தின் மூளை ஏரியில் மீன் துள்ளுவதை வரைந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். 1999-ல் அதையே ட்ரீம்காஸ்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆர்கேடு எந்திரத்துக்கு ஒரு நியதி உண்டு. ஆள் உட்கார்ந்திருந்தால் கடைக்காரருக்கு நஷ்டம். அதனால் இந்த கேமில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். சொன்ன நேரத்துக்குள் சொன்ன எடைக்கு மீன் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் ஆட்டம் முடிந்தது. பின்னணியில் பறவைச் சத்தமா கேட்கிறது? கிட்டார் அலறும். மீன் மாட்டிய நொடியில் ஒருவர் “ஃபிஷ்!” என்று கத்துவார். கரைக்கு வந்ததும் அளவைப் பார்த்து, சின்னது, நடுத்தரம், பெரிசு, மகா பெரிசு என்று அதே குரல் தீர்ப்புச் சொல்லும். பாடுபட்டு இழுத்தபின் “ஸ்மால் ஒன்” என்று அந்த ஆள் சலிப்பாகச் சொல்வதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் இந்த ஆர்ப்பாட்டத்துக்கு அடியில் நுணுக்கமான வேலை ஒன்று நடக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

தூண்டிலை வீசுகிறீர்கள். லூர் என்கிற பொய் இரை தண்ணீரில் விழுகிறது. அந்த நொடியில் கேமரா தண்ணீருக்குள் போய்விடும். இனி நீங்கள் பார்ப்பது படகிலிருந்து அல்ல, இரைக்குப் பின்னாலிருந்து. பாறை, முறிந்த மரம், பாசி, அவற்றுக்கு நடுவே அசையாமல் நிற்கும் மீன்கள் எல்லாம் தெரியும். நிஜத்தில் மீன்பிடிப்பவருக்குத் தெரியாத ஒன்றைக் காட்டிவிட்டார்கள், அப்புறம் என்ன சவால் என்று தோன்றலாம். அங்கேதான் சூட்சுமம். மீன் எங்கே இருக்கிறது என்பது தெரிகிறது. அதைக் கடிக்க வைப்பது எப்படி என்பது தெரியாது.

ஒரே வேகத்தில் சுற்றி இழுத்தால் மீன் திரும்பிப் பார்க்கும், சில சமயம் கொஞ்ச தூரம் பின்னால் வரும், பிறகு ஆர்வமில்லாமல் திரும்பிவிடும். இப்போது சுற்றுவதை நிறுத்துங்கள். லூரின் ரகத்தைப் பொறுத்து அது மெல்ல மேலே எழும், அல்லது அடியில் இறங்கும். பின்னால் வந்த மீனும் நின்றுவிடும். மூக்குக்கு நேரே இரை, நடுவில் ஒரு சாண் தண்ணீர். இங்கே முக்கால்வாசிப் பேர் பயத்தில் மறுபடி வேகமாகச் சுற்றிவிடுவார்கள், மீன் போய்விடும். கைப்பிடியைச் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, பாதிச் சுற்று சுற்றி, மறுபடி நிறுத்த வேண்டும். அடிபட்ட குஞ்சு மீன் தப்பிக்கப் பார்த்து முடியாமல் துவள்கிற மாதிரி இரை துவண்டால், அப்போது பாயும்.

இது கேம் செய்தவர்களின் கற்பனை இல்லை. லார்ஜ்மவுத் பாஸ் என்ற மீன் நிஜமாகவே அப்படித்தான். துரத்தித் துரத்தி வேட்டையாடுகிற ரகம் அல்ல, மறைவிடத்தில் ஒதுங்கி நின்று, பக்கத்தில் வருகிற பலவீனமான இரையைப் பார்த்துப் பாய்கிற ரகம். நம்மூர் வாய்க்காலில் ரப்பர் தவளையைப் பாசிமேல் இழுத்து விரால் பிடிக்கிற பையன்களைக் கேளுங்கள், இழுத்து நிறுத்து, இழுத்து நிறுத்து என்றுதான் சொல்வார்கள். அவர்களில் ஒருவனை இந்த கேமுக்கு முன்னால் உட்கார வைத்தேன். ஆங்கிலத்தில் வந்த குறிப்பு ஒன்றைக்கூட அவன் படிக்கவில்லை, முதல் வீச்சிலேயே கடிக்க வைத்துவிட்டான். வருடக்கணக்காக வீடியோ கேம் ஆடிப் பழகிய என் மைத்துனர் பட்டனைத் தட்டித் தட்டியே அத்தனை மீனையும் விரட்டினார். எந்த லூர், எந்த நேரம், எந்த இடம் என்பதும் கணக்குத்தான். மேல்பரப்பில் நெளிகிற பென்சில் பெய்ட், நீருக்குள் முக்குளிக்கிற கிராங்க் பெய்ட், தகடு சுழலும் ஸ்பின்னர் பெய்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கைப்பக்குவம் தேவை. பென்சில் பெய்ட்டை கிராங்க் பெய்ட் மாதிரி இழுத்தால் ஒரு மீனும் சீந்தாது.

கடித்தபின் வேறு ஆட்டம். கைப்பிடியைச் சுண்டி முள்ளை ஏற்ற வேண்டும். தாமதித்தால் துப்பிவிடும். ஏறியதும் கண்ட்ரோலர் உள்ளங்கையில் அதிரத் தொடங்கும். ஸ்க்ரீனில் தூண்டில் நரம்பின் இறுக்கத்தைக் காட்டும் பட்டை ஒன்று இருக்கிறது. அது சிவப்புக்குப் போய் அங்கேயே நின்றால் நரம்பு அறும். அதற்காகத் தளர விட்டால் மீன் முள்ளைக் கழற்றிக்கொண்டு போய்விடும். மீன் இடப்பக்கம் ஓடினால் தூண்டிலை எந்தப் பக்கம் சாய்ப்பது, துள்ளிக் குதித்தால் எப்போது தாழ்த்துவது என்று கை ஓயாமல் வேலை செய்யும். எப்போது சுற்றுவது என்பதைவிட எப்போது சுற்றாமல் இருப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கையைக் கட்டிப்போடச் சொல்கிற கேம் இது. இதை ஆடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கானது என்று கட்டுரையாளர் சொல்வாரா என்று கேட்க ஆசை.

அமெரிக்க மீனை வைத்து ஜப்பான் நிறுவனம் ஏன் கேம் செய்தது என்று கடைக்கு வருபவர்கள் கேட்பதுண்டு. அந்த மீன் ஜப்பானுக்குப் போனது 1925-ல். அகாபோஷி டெட்சுமா என்ற தொழிலதிபர் கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்து ஹகோனேயில் இருக்கும் ஆஷி ஏரியில் விட்டார். பிறகு ஏரி ஏரியாகப் பரவியது. 1990-களில் ஜப்பானில் பாஸ் பிடிப்பது பெரிய மோகமாகிவிட்டது. செகா அந்த அலையைப் பார்த்துத்தான் தூண்டிலை ஆர்கேடில் வைத்தது. மோகத்துக்கு விலையும் இருந்தது. உள்ளூர் மீன்களைத் தின்று தீர்க்கிறது என்று, 2005-ல் அமலுக்கு வந்த அயல் உயிரினச் சட்டத்தில் இந்த மீனைச் சேர்த்துவிட்டார்கள். உயிரோடு எடுத்துப் போவதும் வேறு நீர்நிலையில் விடுவதும் குற்றம். ஊட்டிப் பக்கம் வெள்ளைக்காரன் டிரௌட் மீனைக் கொண்டுவந்து விட்ட கதை நினைவுக்கு வருகிறது, அதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. உலகத்திலேயே பெரிய லார்ஜ்மவுத் பாஸ் என்ற சாதனை ஜார்ஜ் பெர்ரி என்பவரிடம் இருந்தது. 1932 ஜூன் 2, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், மான்ட்கோமரி ஏரி, 22 பவுண்டு 4 அவுன்ஸ். அதாவது பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 77 வருடம் யாராலும் அசைக்க முடியவில்லை. 2009 ஜூலை 2-ல் குரிடா மனாபு என்பவர் ஜப்பானின் பிவா ஏரியில் அதைவிட ஒரு அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல் எடையில் ஒன்றைப் பிடித்தார். பழைய சாதனையை இரண்டு அவுன்ஸாவது தாண்டினால்தான் புதிய சாதனை என்பது விதி. அதனால் இருவர் பெயரும் சமமாக நிற்கிறது. கேமில் “ஹ்யூஜ் ஒன்” என்று அந்தக் குரல் கத்தும்போதெல்லாம் எனக்கு பிவா ஏரிதான் ஞாபகம் வரும்.

இனி இரண்டாவது விஷயம். முக்கியமானதும் இதுதான்.

மேலே நான் சொன்ன அத்தனையும் அந்தக் கைப்பிடியில்தான் நடக்கிறது. அதற்குள் அசைவை உணரும் சென்சார் இருக்கிறது. வீசினால் வீச்சு, சுண்டினால் சுண்டல், சாய்த்தால் சாய்வு. பக்கத்துப் பிடியைச் சுற்றுகிற வேகத்தில் நரம்பு சுற்றும். மெல்லச் சுற்றினால் மெல்ல, கால் சுற்று சுற்றி நிறுத்தினால் கால் சுற்று. டிவிக்கு முன்னால் கையை வீசி ஆடுவது என்றாலே எல்லோரும் 2006-ல் வந்த நிண்டெண்டோ வீ என்ற பெட்டியைத்தான் சொல்கிறார்கள். இது அதற்கு ஏழு வருடம் முந்தையது. அதைவிட வேடிக்கை, இதே தூண்டிலை ‘சோல்காலிபர்’ என்ற வாள்சண்டை கேமில் மாட்டினால் அதுவும் வேலை செய்யும். குறுக்கே வீசினால் குறுக்கு வெட்டு, மேலிருந்து கீழே வீசினால் நேர் வெட்டு. பக்கத்து டீக்கடைப் பையன் மீன் தூண்டிலால் சாமுராய்களைச் சாய்த்ததைப் பார்த்து, கடைக்கு மிக்சி கொண்டுவந்த அம்மா நெடுநேரம் நின்றுவிட்டுப் போனார்.

இதே டிஸ்கை சாதாரண கண்ட்ரோலரிலும் ஆடலாம். சுற்றுவதற்கு விரலடியில் ஒரு டிரிகர். அழுத்தத்துக்கு ஏற்ப வேகம் கூடும் என்பதால் மோசமில்லை. ஆனால் நிறுத்துவது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. கைப்பிடியில் நிறுத்தும்போது மணிக்கட்டு, முழங்கை எல்லாம் சேர்ந்து நிற்கின்றன. டிரிகரில் ஒரு விரலைத் தளர்த்துகிறீர்கள், அவ்வளவுதான். சுண்டுவதும் கட்டைவிரல் வேலையாகச் சுருங்கிவிடும். இந்த கேம் பின்னாளில் மறுபடியும் வெளிவந்தது. 2008-ல் வீயில். 2011-ல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு, ட்ரீம்காஸ்ட் தொகுப்பு ஒன்றில் மற்ற மூன்று கேம்களோடு. அந்தத் தொகுப்பில் படம் அதே படம், சத்தம் அதே சத்தம். தூண்டில்தான் இல்லை. அதை மட்டும் ஆடிப் பார்த்த ஒருவர், இது சுமாரான பழைய கேம் என்று சொன்னால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் ஆடியது பாதி கேம்.

இப்போது செல்போனுக்கு வருவோம். கட்டுரையாளர் சொன்னபடி எமுலேட்டர் போட்டுப் பார்த்தேன். ஓடுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. என் மகளுடைய போனில் ட்ரீம்காஸ்டில் ஓடியதைவிடப் படம் பளிச்சென்றுகூட இருந்தது. கண்ணாடிமேல் வரைந்த வட்டம் ஒன்றைத் தொட்டால் சுற்றும், விட்டால் நிற்கும். நடுவில் ஒன்றும் கிடையாது. மெல்லச் சுற்று என்ற ஒன்றே இல்லை. தூண்டிலை அசைக்க இன்னொரு வட்டத்தைத் தடவ வேண்டும், தடவுகிற கட்டைவிரல் மீனையே மறைத்துவிடுகிறது. மரியோவுக்கு இது பிரச்சினையே அல்ல. குதி, ஓடு என்று இரண்டு பட்டன், எந்த சதுரத்தைத் தட்டினாலும் குதிக்கும். எமுலேட்டர் செய்பவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் இல்லையென்றால் பாதி கேம்கள் மண்ணோடு போயிருக்கும். அவர்களால் டிஸ்கில் உள்ளதைக் காப்பாற்ற முடியும். பிளாஸ்டிக் பிடியைப் போனுக்குள் போட்டுக்கொடுக்க முடியாது.

அதனால்தான், பெட்டிகளைத் தூக்கிப் போடுங்கள் என்கிற மாதிரி முடித்ததைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ட்ரீம்காஸ்ட் 1998 நவம்பரில் ஜப்பானில் வந்தது, 2001 மார்ச்சில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். 90 லட்சத்துக்குச் சற்று அதிகமான பெட்டிகள்தான் உலகம் முழுக்க விற்றன. செகா அதோடு வீடியோ கேம் பெட்டி செய்வதையே விட்டுவிட்டது. இனி புதிதாக ஒன்று தொழிற்சாலையிலிருந்து வரப்போவதில்லை. இருப்பதை ஓட வைப்பதுதான் வழி. ஓட வைப்பது ஒன்றும் பெரிய வித்தையும் இல்லை என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை செத்துப்போன பெட்டிகள் அல்ல, அழுக்குப் பிடித்தவை.

ஒவ்வொரு தடவை போடும்போதும் தேதி, நேரம் கேட்கிறதா? உள்ளே கடிகாரத்துக்கு ஒரு பட்டன் செல் சால்டர் செய்திருக்கிறார்கள், சார்ஜ் ஏறும் ரகம், வயதாகி அது போய்விட்டது. மாற்றும்போது சார்ஜ் ஏறும் ரகத்தையே போட வேண்டும். கால்குலேட்டர் செல்லை அப்படியே ஒட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது ஆபத்து. செலவு பார்ப்பவர்கள் செல்லை மாற்றாமல் தேதியைத் தட்டிவிட்டே ஆடலாம், கேமுக்குப் பாதகமில்லை. ஆடிக்கொண்டிருக்கும்போதே பெட்டி அணைந்து மறுபடி ஆரம்பிக்கிறதா? பவர் சப்ளை போர்டு மெயின் போர்டிலிருந்து மேலே வரும் பின்களில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பின்களில் களிம்பு ஏறியிருக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பிடிப்பை இறுக்கினால் முக்கால்வாசி சரியாகிவிடும். நான்கு கண்ட்ரோலர் போர்ட்டும் ஒரே நேரத்தில் செத்துவிட்டனவா? முன்பக்க போர்டில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் ஒரு பியூஸ் ரெசிஸ்டர் போயிருக்கும். சில ரூபாய் சாமான். ஆன் செய்ததும் கீச்சென்று நீளமாக ஒரு சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், கண்ட்ரோலரில் செருகும் மெமரி யூனிட்டின் இரண்டு செல்லும் தீர்ந்துவிட்டன என்று அர்த்தம். இந்தச் சத்தத்தைக் கேட்டு, பெட்டி வெடிக்கப்போகிறது என்று ஆட்டோவில் ஓடிவந்தவர்கள் உண்டு. லென்ஸ் போனால்தான் கொஞ்சம் சிரமம்.

தூண்டில் கண்ட்ரோலரைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று சொல்வேன். பிடி கடினமாகச் சுற்றுகிறது என்று தேங்காய் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ விட்டுவிடாதீர்கள். தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும், பிறகு மெல்லச் சுற்றுவது என்பதே போய்விடும். பிரித்து, உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தால் போதும்.

கேமில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மீன் மாட்டியபின் எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று ஸ்க்ரீனிலேயே காட்டிவிடுகிறார்கள். ஆர்கேடில் புதிதாகக் காசு போடுகிறவருக்கு அது தேவை, வீட்டில் மாதக்கணக்கில் ஆடுகிறவருக்கு அது சோறூட்டுகிற வேலை. வீட்டுக்கென்று சேர்த்த போட்டித் தொடர் நல்ல எண்ணத்தில் செய்தது. பருவம் மாறுகிறது, வானிலை மாறுகிறது, ஜெயித்தால் புது லூர் கிடைக்கிறது. ஆனால் இடங்கள் குறைவு, சீக்கிரமே எந்த மரத்தடியில் எந்த மீன் என்பது மனப்பாடம் ஆகிவிடுகிறது. பிறகு 2000-ல் ‘செகா மரைன் ஃபிஷிங்’ என்று கடலுக்குப் போனார்கள். மீன் வகை கூடியது, பிரம்மாண்டம் கூடியது. ஏரியில் ஒரு பாஸ் நின்று இரையை முறைத்துப் பார்க்கிற அந்த இழுபறி எனக்கு அதில் கிடைக்கவில்லை. கடல் கேம்தான் சிறந்தது என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் தனியாகக் கடிதம் எழுதட்டும். கிட்டார் இசையை மட்டும் யாரும் ஆதரித்து எழுத மாட்டார்கள் என்று நம்புகிறேன். நான் சத்தத்தை அணைத்துவிட்டு இளையராஜாவைப் போட்டுக்கொள்வேன்.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். இதன் தொடர்ச்சியாக இன்னொரு கட்டுரை எழுதினால், கேமோடு சேர்த்து அதை ஆடிய கருவிகளைப் பற்றியும் எழுதட்டும். டிவி ஸ்க்ரீனை நோக்கிச் சுடும் துப்பாக்கி நம் வீடுகளில் இருந்ததே, அது புதிய தட்டை டிவிகளில் ஏன் வேலை செய்வதில்லை என்பது ஒன்றே ஒரு பக்கத்துக்கு வரும். பழைய டிவி படத்தைக் கோடு கோடாக வரைகிற விதத்தை நம்பியிருந்த துப்பாக்கி அது, எல்சிடி வந்ததும் குருடாகிவிட்டது. வாசகர்களுக்கும் ஒன்று. பரணைச் சுத்தம் செய்யும்போது வெளிநாட்டிலிருந்து வந்த வீடியோ கேம் ஏதாவது கிடைத்தால், பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, என்னவென்று தெரியாத பிளாஸ்டிக் சாமான்களைப் பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள். சுற்றுகிற பிடியோடு ஏதாவது இருந்தால் நிச்சயமாக வேண்டாம். போன மாதம்கூட ஒருவர் பெட்டியைத் துடைத்து எடுத்துவந்தார். தூண்டில் எங்கே என்று கேட்டால், உடைந்த பொம்மை என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன் என்றார்.

கட்டுரையாளர் திருச்சிப் பக்கம் வந்தால் கடைக்கு வரட்டும். ஞாயிறு விடுமுறை, மற்ற நாளில் மதியம் மூன்று மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. செல்போனையும் சார்ஜ் போட்டு எடுத்துவரட்டும், இரண்டிலும் ஆடிப் பார்த்துவிடலாம். டீ என் செலவு.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
உறையூர், திருச்சி – 3.